தமனியைக் கீறித் திறப்பதா, துளை வெட்டித் திறப்பதா?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதியிருக்கும் அன்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கித் தருகிறேன். அவருடைய அப்பா வலை பழுது பார்ப்பவர், வயது 61, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சிறுநீரகங்கள் செயலிழந்துவருவதால் டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது கையின் இரு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்கும் இணைப்பு, அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர், "தமனியில் சின்னதாக ஒரு கீறல் போட்டு நரம்பை அதில் சேர்த்துத் தைத்துவிடுவோம்" என்றாராம். வேறொரு மருத்துவமனையில், "தமனிச் சுவரில் சிறு துளை வெட்டி எடுத்துவிட்டுச் சேர்ப்போம்" என்றார்களாம். இரண்டில் எது சரி, துளை போட்டால் விரல்களுக்கு ரத்தம் குறைந்துவிடாதா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, திறக்கும் முறையைப் பொறுத்து இணைப்பின் ஆயுள் மாறுமா என்பது. மற்றொன்று, திறப்பின் அளவைப் பொறுத்துக் கைக்குப் போகும் ரத்தம் மாறுமா என்பது. முதல் கேள்வியில் இருக்கும் பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். இரண்டாவது கேள்வியில் இருக்கும் பயம் நியாயமானது. உங்கள் அப்பாவின் நிலையில் அதைப் பற்றித்தான் மருத்துவரிடம் அதிகம் பேச வேண்டும்.

நான் புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுண் ரத்தக்குழாய் அறுவை செய்துவருகிறவன். கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தில் சிக்கிய கை, துண்டான விரல், புற்றுநோய்க்காகத் தாடையை எடுத்தவர்களுக்கு உடலின் வேறோர் இடத்திலிருந்து சதையைக் கொண்டுவந்து ரத்த ஓட்டத்தோடு பொருத்துவது ஆகியவை என் அன்றாட வேலை. ஃபிஸ்டுலாவும் செய்கிறேன், ஆனால் அதையே முழுநேரமாகச் செய்யும் ரத்தநாள அறுவை மருத்துவர்களின் எண்ணிக்கைக்கு என்னுடையது ஈடாகாது. உங்கள் அப்பாவின் கையை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தக்குழாய்களின் அளவையும் ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவது தமனியைத் திறக்கும் கலையைப் பற்றிய விளக்கம். அவருடைய கைக்கான சிகிச்சை முடிவை அவரைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். நம் பக்கத்தில் கையில் பச்சையாகத் தெரிவதை 'நரம்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நோயாளிகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மருத்துவர்களும் அப்படியே சொல்கிறோம். அது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். உணர்ச்சியையும் அசைவையும் தரும் நரம்பு வேறு. ஃபிஸ்டுலாவில் அதை யாரும் வெட்டுவதில்லை. தமனி என்பது இதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் துடிப்பது ரேடியல் தமனி. அதன் உள்விட்டம் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அருகில் ஓடும் செஃபாலிக் சிரையை அறுத்து, அதன் முனையைத் தமனியின் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால், தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் அது தடித்து விரிந்து, டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும் குழாயாகிறது. 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ முதலானோர் இந்த இணைப்பை வெளியிட்டார்கள். அவர்கள் முதலில் செய்தது இரு குழாய்களின் பக்கங்களையும் திறந்து சேர்த்தது. சிரையின் முனையைத் தமனியின் பக்கத்தில் சேர்ப்பதே பின்னாளில் பரவலாயிற்று.

தமனியை ஏன் முழுதாக அறுத்து முனையோடு முனை சேர்க்காமல் பக்கத்தில் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முனையோடு முனை சேர்ப்பதுதான் பழைய வழி. வட்டத்தை முக்கோணமாக்கி மூன்று தாங்குதையல்களில் இழுத்துப் பிடித்துத் தைக்கும் உத்தியை 1902-இல் லியோன் நகரில் அலெக்ஸிஸ் கேரல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் தமனியை முழுதாக அறுத்தால் அதற்கப்பால் இருக்கும் பகுதி அந்தத் தமனியின் ரத்தத்தை இழக்கும். அடிபட்ட காலில் ஒரே ஒரு தமனிதான் பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றால் அதை அறுக்க எவருக்கும் மனம் வராது. பக்கவாட்டில் திறந்து சேர்த்தால் பழைய ஓட்டமும் தொடரும், புதிய கிளையும் கிடைக்கும். யூகோஸ்லாவியாவின் லூப்லியானா நகரில் பணியாற்றிய மார்கோ கோதினா, காலில் சதை மாற்றிப் பொருத்தும்போது பக்கவாட்டு இணைப்பையே விரும்பித் தேர்ந்தெடுக்கலாம் என்று 1979-இல் எழுதியது எங்கள் துறையில் ஒரு திருப்பம். அதன் பிறகுதான், சின்னத் தமனியின் பக்கச்சுவரை எப்படித் திறப்பது என்ற கேள்வி தனிக் கவனம் பெற்றது.

இனி முறைகளுக்கு வருகிறேன். தமனிச் சுவர் மூன்று படலங்களால் ஆனது. வெளிப்படலம் பஞ்சு போன்ற இழைகள் கொண்டது. அதன் ஓர் இழை உள்ளே மாட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் ரத்தம் உறையத் தொடங்கும். ஆகவே திறக்கப்போகும் இடத்தில் மட்டும் அதை நுண்கத்தரிக்கோலால் சுத்தமாக நீக்குகிறோம். நடுப்படலம் தசை, அதன் நார்கள் குழாயைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. உட்படலம் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. அது காயப்படாத வரை ரத்தம் அதன்மேல் உறையாமல் ஓடும். தமனியின் இருபுறமும் கிளாம்பு என்ற இடுக்கியைப் போட்டு ஓட்டத்தை நிறுத்திய பிறகு, கீறல் முறையில், கூரிய நுண்கத்தியின் நுனியால் முன்சுவரில் ஒரே ஒரு புள்ளியில் உட்குழாய் தெரியும் வரை நுழைகிறோம். கத்தியின் வேலை அவ்வளவுதான். அதற்கு மேல் கத்தியை ஓட்டக் கூடாது. கோணமாக வளைந்த பாட்ஸ் கத்தரிக்கோலின் ஓர் அலகை அந்தப் புள்ளிக்குள் விட்டு, மூன்று படலங்களும் ஒரே வெட்டில் அறும்படி, முன்னும் பின்னுமாகத் தேவையான நீளத்துக்குத் திறக்கிறோம். சுவரின் எந்தத் துண்டும் வெளியே வருவதில்லை.

துளை முறையில் சுவரின் ஒரு சிறு துண்டை எடுத்துவிடுகிறோம். இதற்கே பல வழிகள் உண்டு. முன்சுவரில் ஒரு நுண்தையல் ஊசியைக் குத்தி, நூலை மேலே தூக்கினால் சுவர் கூடாரம்போல் எழும். அதன் அடியில் வளைந்த கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டினால் நீள்வட்டமாக ஒரு துண்டு கழன்று வரும். சிலர் இடமும் வலமுமாக இரண்டு சாய்வெட்டுகள் போட்டு, அவை சந்திக்கும் இடத்தில் துண்டை எடுப்பார்கள். கீறலை முதலில் போட்டுவிட்டு, அதன் இரு ஓரங்களிலிருந்தும் மெல்லிய பிறை வடிவத் துண்டுகளை எடுப்பவர்களும் உண்டு. நான் துளை தேவைப்படும்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன், ஏனென்றால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, குறைவாக எடுத்ததை இன்னும் கொஞ்சம் எடுக்க முடியும். வட்டமாகத் துளைக்கும் பஞ்ச் கருவியும் இருக்கிறது. மிகச் சிறிய தமனியில் அதன் அடிப்பகுதியை உள்ளே நுழைப்பதே உட்படலத்தைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் 2 மில்லிமீட்டருக்குக் கீழ் அதை நான் பயன்படுத்துவதில்லை.

இவற்றுக்கெல்லாம் அப்பால், கிளாம்பே போடாமல் திறக்கும் வழி ஒன்று உண்டு. மூளைத் தமனியின் ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்துவதே ஆபத்தாகும் நோயாளிகளுக்காக, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் துல்லேகென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் அதை வளர்த்தெடுத்தார். புதுக் குழாயின் முனையோடு ஒரு பிளாட்டினம் வளையத்தைச் சேர்த்து, திறக்கப்படாத தமனிச் சுவரின்மேல் முதலில் தைத்துவிடுவார்கள். பிறகு குழாயின் வழியே எக்ஸைமர் லேசர் முனையை இறக்கி, சுவரை வட்டமாக அறுத்து, உறிஞ்சிப் பிடித்த துண்டோடு அதை வெளியே எடுப்பார்கள். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கும் வேலை இது. அந்த வட்டத் துண்டு சில சமயம் முழுதாகக் கழன்று வராது என்பது அதன் பலவீனம். ஃபிஸ்டுலாவுக்கு இது தேவையே இல்லை. கையில் தமனியைச் சற்று நேரம் பிடித்து வைப்பதால் எதுவும் கெடாது.

கீறல் வெறும் கோடுதானே, அதன் வழியே எப்படி ரத்தம் தாராளமாகப் பாயும் என்பது உங்கள் ஐயத்தின் அடிநாதம் என்று நினைக்கிறேன். இளகிய தமனியில் அது கோடாகவே இருப்பதில்லை. நடுப்படலத்தின் தசைநார்கள் வளையமாக ஓடுவதால் நீளவாக்குக் கீறல் அவற்றைக் குறுக்கே அறுக்கிறது. அறுபட்ட நார்கள் இருபுறமும் பின்வாங்குகின்றன. கீறல் தானாகவே இலை வடிவில் வாய் திறக்கிறது. ஓட்டத்தைத் திறந்துவிட்டதும் ரத்த அழுத்தமும் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது. அதற்கு மேலாக, அதில் தைக்கப்பட்ட சிரையின் முனை தானே ஒரு வட்டம். அது கீறலின் இரு ஓரங்களையும் விலக்கிப் பிடித்துக்கொள்கிறது. எனவே நல்ல தமனியில் கீறலும் சில நிமிடங்களில் துளையாகிவிடுகிறது, சுவரின் ஒரு துளியும் இழக்கப்படாமல். அந்தச் சுவர் பிற்பாடு மறு அறுவை தேவைப்பட்டால் உதவும். துளை வெட்டிய இடத்தை நெருக்காமல் மூடுவதற்குப் பெரும்பாலும் ஒட்டுத்துண்டு வைக்க வேண்டியிருக்கும்.

நீளவாக்குக்குப் பதில் குறுக்கே கீறலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். உறைந்த ரத்தக்கட்டியை எடுக்கத் தமனியைத் திறக்கும்போது குறுக்குக் கீறல் நல்லது, ஏனென்றால் மூடித் தைக்கும்போது குழாய் குறுகாது. இணைப்புக்கு அது ஒத்துவராது. குறுக்குக் கீறலின் நீளம் குழாயின் சுற்றளவுக்குக் கட்டுப்பட்டது. சற்று நீண்டாலும் தமனி பாதி அறுந்ததாகிவிடும். நீளவாக்கில் நாம் வேண்டிய அளவுக்குப் போகலாம்.

எவ்வளவு நீளம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கீறலுக்கு இரண்டு ஓரங்கள். ஆகவே தைப்பதற்குக் கிடைக்கும் விளிம்பு, கீறலின் நீளத்தைப்போல் இருமடங்கு. நேராக அறுத்த சிரை முனையின் சுற்றளவு, விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் கீறல் சிரையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும்: 2 மில்லிமீட்டர் சிரைக்கு ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டர். சிரையின் முனையை 45 பாகைச் சாய்வில் அறுத்தால் அதன் விளிம்பு நீள்வட்டமாகி, கீறலும் 3.8 மில்லிமீட்டர் வரை போகும். துளையிலோ கணக்கு வேறு. எடுத்த துண்டின் அகலமும் விளிம்பில் சேர்வதால், அதே சிரைக்குக் குறைந்த நீளம் போதும். கீறலுக்கு உரிய நீளத்தைத் துளைக்குக் கொடுத்துவிட்டால் சிரையின் முனை இழுபட்டுத் தட்டையாகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை இதுவே.

உங்கள் கேள்விக்கு மிகத் தெளிவான விடை இதயத்தின் பைபாஸ் அறுவையில் இருக்கிறது. அங்கே காலிலிருந்து எடுத்த ஒரே சிரையின் ஒரு முனை மகாதமனியிலும் மறு முனை இதயத் தசையின் மேல் ஓடும் கரோனரித் தமனியிலும் சேர்க்கப்படுகிறது. மகாதமனியின் சுவர் தடித்தது. கீறினால் விறைப்பாக நின்று வாயைத் திறக்காது. ஆகவே பஞ்ச் கொண்டு வட்டத்துளை போடுகிறார்கள். 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் கரோனரித் தமனியில் நீளவாக்குக் கீறல்தான். ஒரே நோயாளி, ஒரே மருத்துவர், ஒரே மணி நேரம், இரண்டு முறைகளும். எனவே உங்களிடம் இருவேறு பதில் சொன்ன மருத்துவர்கள் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. சுவர் எப்படியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் முறை அமைகிறது.

இங்கேதான் உங்கள் அப்பாவின் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் வருகின்றன. இவ்விரண்டும் சேர்ந்தவர்களுக்குத் தமனியின் நடுப்படலத்தில் சுண்ணாம்பு படிவது அதிகம். சாதாரண எக்ஸ்ரேயிலேயே மணிக்கட்டுத் தமனி இரண்டு இணைகோடுகளாகத் தெரியும் கைகளைப் பார்த்திருக்கிறேன். இழுத்துக் கட்டிய ரப்பர்க் குழாயில் பிளேடால் கோடு போட்டால் அது வாய் பிளக்கும். மூங்கிலில் அதே கோட்டைப் போட்டால் கோடு கோடாகவே இருக்கும். சுண்ணாம்பு படிந்த தமனி மூங்கிலின் பக்கம் நெருங்கிவிட்டது. அதில் மெல்லிய துண்டொன்றை எடுத்துத் துளையாக்குவது அறிவுடைமை. ஆனால் அதே தமனியில் துண்டை எடுக்கும்போது சுண்ணாம்புத் தகடு உடைந்து, உட்படலம் நடுப்படலத்திலிருந்து பிரிந்து, தொங்கும் திரையாகிவிடும் அபாயமும் உண்டு. அந்தத் திரை ஓட்டத்தின் எதிரே எழுந்தால் வழியை அடைத்துவிடும். எனவே அங்கே ஊசி எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும்படி தைத்து, உட்படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட தமனி என்று முன்பே தெரிந்தால் சற்று மேலே இளகிய இடத்தைத் தேடுவதே பல சமயம் நல்லது. டாப்ளர் ஸ்கேன் அதற்குத்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை, இன்னும் விவாதத்தில் இருப்பவை எவை என்று பிரித்துவிடுகிறேன். எலி போன்ற விலங்குகளின் 1 மில்லிமீட்டர் அளவுள்ள நல்ல தமனிகளில், கீறலையும் துளையையும் ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில், இணைப்பு அடைபடாமல் இருப்பதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கவனமாகத் தைத்தால் இரண்டும் திறந்தே இருக்கின்றன. வெட்டின் விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும், பின்சுவர் காயப்படக் கூடாது, வெளிப்படல இழை உள்ளே போகக் கூடாது என்பவற்றில் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் நோயில்லாத எலியின் தமனியில் கிடைத்த முடிவைச் சுண்ணாம்பு படிந்த 61 வயது மனிதரின் தமனிக்கு அப்படியே பொருத்துவது ஐயத்துக்குரியது. துளை வெட்டினால் ஓட்டம் சீராகி, பின்னாளில் சிரையின் உட்சுவர் தடிப்பது குறையும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிஸ்டுலாக்கள் கெடுவதற்கு அந்தத் தடிப்பே முதன்மைக் காரணம் என்பது உண்மை; அது பெரும்பாலும் இணைப்பை ஒட்டிய சிரையில், ஓட்டம் சுழலும் இடத்தில், வளர்கிறது. ஆனால் அந்தச் சுழற்சியை நிர்ணயிப்பதில் சிரை எந்தக் கோணத்தில் வந்து சேர்கிறது, அது முறுக்கிக்கொண்டதா, இழுபட்டதா என்பவை தமனித் திறப்பின் வடிவத்தைவிட அதிகப் பங்கு வகிக்கின்றன என்பது என் கணிப்பு. சிரையை அசைக்காமல் தமனியை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையை அண்மைக் காலத்தில் சிலர் கையாள்வதும் இந்த எண்ணத்தால்தான்.

நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணமான ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் பெரிய மார்க்கெட்டிலிருந்து கோழிக்கால் வாங்கிவந்து, தொடையெலும்பை ஒட்டி ஓடும் தமனியை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து, திறந்து, தைத்துப் பழகுவோம். இன்றும் என்னிடம் வரும் இளையவர்களை அப்படித்தான் பழக்குகிறேன். நூற்றுக்கு மேல் அப்படித் தைத்த பிறகும், பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சாறு இயந்திரத்தில் நசுங்கிய ஒருவரின் கையில் பக்கவாட்டு இணைப்பு செய்தபோது, என் கத்தியின் நுனி முன்சுவரைத் தாண்டிப் பின்சுவரின் உட்படலத்தையும் தொட்டுவிட்டது. தமனி காலியாகத் தட்டையாகக் கிடந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த உப்புநீரைச் செலுத்தி அதைச் சற்று உப்ப வைத்துவிட்டுத் திறந்திருக்க வேண்டும், நான் அவசரப்பட்டேன். கீறல் அழகாக இருந்தது, தையல்களும் நன்றாக விழுந்தன. கிளாம்பை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டம் நின்றது. பிரித்துப் பார்த்தபோது, பின்சுவரில் அந்தச் சிறு காயத்தின்மேல் வெண்மையான உறைகட்டி ஒட்டியிருந்தது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, முன்கையிலிருந்து எடுத்த சிரைத் துண்டை இடையில் வைத்துத் தைத்துக் கையைக் காப்பாற்றினோம். அன்று கீறலா துளையா என்ற கேள்விக்கே இடமில்லை. எதிர்ச்சுவரைப் பார்க்காமல் வெட்டியதுதான் பிழை. அன்றிலிருந்து முன்சுவரை ஒரு தையலால் தூக்கிப் பிடிக்காமல் எந்தத் தமனியையும் நான் திறப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, விரல்களுக்கு ரத்தம் குறையாதா என்பது. குறையக்கூடும். ஓய்வில் ரேடியல் தமனியில் நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் ஓடும். ஃபிஸ்டுலா அமைந்த உடனேயே அது 200 முதல் 300 வரை உயரும். முதிர்ந்த ஃபிஸ்டுலாவில் 600 மில்லிலிட்டரை எதிர்பார்க்கிறோம். அந்த ரத்தம் தடை குறைவான சிரையின் வழியே இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது, விரல்களுக்குப் போவதில்லை. மணிக்கட்டில் செய்தால் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்நார் தமனி உள்ளங்கை வளைவின் வழியே ஈடுகொடுக்கும். ஆகவே அங்கே பிரச்சினை குறைவு. முழங்கையில் செய்யும்போது முன்கைக்கும் கைக்கும் போகும் முழு ரத்தமும் வரும் பிரேக்கியல் தமனியிலேயே கிளை போடுவதால் விரல்கள் பட்டினி கிடக்கும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடுகிறது. இங்கே திறப்பின் வடிவம் முக்கியமல்ல, அளவு முக்கியம். மணிக்கட்டில் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை தாராளமாகத் திறப்பவர்கள்கூட முழங்கையில் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவது இதனால்தான். குழாயின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் மடிக்கேற்ப மாறும் என்பது பள்ளியில் படித்த விதி. இவ்வளவு குறுகிய திறப்புக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும், முழங்கையில் ஓரிரு மில்லிமீட்டர் கூடுவதும் அற்பமன்று.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது கீறலா துளையா என்று கேட்பதைவிட, இவற்றைக் கேளுங்கள்: டாப்ளரில் தமனியும் சிரையும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கின்றன, 2 மில்லிமீட்டருக்குக் குறைவா, சுவரில் சுண்ணாம்பு தெரிகிறதா, மணிக்கட்டில் செய்ய முடியுமா, முழங்கைக்குத்தான் போக வேண்டுமா, அல்நார் தமனி மட்டுமே கையைத் தாங்குமா என்று சோதித்தார்களா. அந்தக் கடைசிச் சோதனையை நீங்களும் புரிந்துகொள்ளலாம். அப்பா கையை இறுக மூடியபடி இருக்க, மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்தி, கையைத் திறக்கச் சொல்லி, அல்நாரை மட்டும் விடுவார்கள். வெளிறிய உள்ளங்கை சில நொடிகளில் சிவக்க வேண்டும். இது முற்றிலும் நம்பத்தக்க சோதனை அன்று. இருந்தாலும் சிவக்கத் தாமதமானால் ஸ்கேனில் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். அறுவை வரை இடது கையில் ரத்தம் எடுக்கவோ, ட்ரிப் ஊசி போடவோ விடாதீர்கள். நல்ல சிரை கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று அவருடைய தொழில். வலை பழுது பார்க்கிறவர் இடது கையில் கண்ணியைப் பிடித்துக்கொண்டு வலது கையில் ஊசியை ஓட்டுகிறார் என்றால், அந்த இடது விரல்களின் நுண்ணுணர்வுதான் அவர் பிழைப்பு. இதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எந்தக் கை என்ற முடிவே இதனால் மாறலாம். அறுவைக்குப் பின் தையல் ஆறிய பிறகு கையை மூடித் திறக்கும் பயிற்சி ஃபிஸ்டுலா முதிர உதவும் என்பதால் மெல்லிய வேலைக்குத் தடையிருக்காது; பாரம் தூக்குவதும், அந்தக் கையில் கயிற்றைச் சுற்றி இழுப்பதும், அதைத் தலைக்கு வைத்துப் படுப்பதும் கூடாது. தினமும் காலையில் இணைப்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அது ஒரு நாள் காணாமல் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும், ஏனென்றால் புதிதாக உறைந்ததை எடுக்க முடியும், நாட்பட்டதை எடுப்பது கடினம். வலையோடு உட்கார்ந்திருக்கும்போது இடது விரல் நுனிகள் வெளிறிச் சில்லிட்டால், மரத்துப்போனால், கண்ணியைப் பிடிக்க வலித்தால், அதையும் வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல் அதே வாரத்தில் காட்டுங்கள். ஓட்டத்தைக் குறைக்கும்படி இணைப்பை நெருக்கவோ மாற்றியமைக்கவோ வழிகள் இருக்கின்றன, விரல் கருக்கத் தொடங்கும் முன் வந்தால்.